கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

நான்காம் கவுன்டரில் என் வேலை
திரும்பி வரும் உறைகளைப் பிரிப்பது.
ஃப்ரெஸ்னோவில் வீடு மாறுகிறவர்கள் அதிகம்.
சொல்லாமல் மாறுகிறவர்கள் அதைவிட அதிகம்.

இட்செல் பர்ராகன் பெயருக்கு
இது மூன்றாவது உறை.
உள்ளே அவளுடைய உதவித்தொகை.
மேலே மஞ்சள் ஒட்டுத்தாள்:
பெறுநர் இங்கு இல்லை.

மூன்று முறை திரும்பினால் விதி எளிது.
பதிவை முடக்கு.
ஒரே சொடுக்கு. சொடுக்கினேன்.
அதை எழுதாமல் விட்டால்
மிச்சம் எழுதுவதெல்லாம் பொய்.

மறுநாள் வந்தாள்.
செவிலியர் படிப்பின் நீலச் சீருடை,
இஸ்திரி போட்டதுபோல் மடிப்பு.
கனத்த உடற்கூறியல் புத்தகத்தின் கீழே
இரவெல்லாம் அமுக்கி வைப்பாளாம்,
முன் இருக்கையில்.

"நிரந்தர முகவரி?"
"ஜனவரி வரை இருந்தது."
வாடகை நானூறு டாலர் ஏறியதை
வானிலை சொல்வதுபோல் சொன்னாள்.
அம்மா மடேராவில், சித்தி வீட்டு சோபாவில்.
சோபாவில் ஒருவர்தான் படுக்கலாம்.

"இப்போது?"
"சி வாகன நிறுத்தம்.
விளக்கு எரியாத கம்பம் ஒன்று இருக்கிறதே, அதன் கீழே."

முகத்துக்கு ஒரு வரி வேண்டும் என்கிறது கணினி.
முகம் என் எதிரே இருக்கிறது.
வரியும் இருக்கிறது,
கார் ஜன்னலின் ரப்பர் விளிம்பு
கன்னத்தில் பதித்த வரி.
கட்டம் ஏற்க மறுக்கிறது.

போகும்போது என் பெயர்ப்பலகையைப் படித்து
"நன்றி, மிஸ் லவீனியா" என்றாள்.
முடக்கிய விரல் எதுவென்று
அவளுக்குத் தெரியாது.

மார்ச் மாதக் கூட்டத்தில் அறங்காவலர்கள் பேசினார்கள்.
நிறுத்துமிடத்தை இரவில் திறந்துவிட்டால்
காப்பீட்டுக்காரர் என்ன சொல்வார்?
கண்டவர் எல்லாம் வந்துவிட்டால்?
"நாம் கல்லூரி, சத்திரம் இல்லை"
என்றார் திரு. ட்ரெஸ்கட்.
அவருக்குப் பின்னால் சுவரில் புது மைதானத்தின் வரைபடம்.
புல்லுக்கு விடிய விடிய நீர்,
துணைக்கு விளக்கு.

நெல்டா ஒகாம்போ எழுந்தார்,
உடற்கூறியல் ஆசிரியை, கையில் குறிப்பு எதுவும் இல்லை.
"குளியலறை ஒன்பதுக்குத் திறக்கிறது.
என் வகுப்பு எட்டுக்கு.
அங்கே நாங்கள் அறுத்துப் படிக்கும் உடலுக்கு
பூட்டிய அறை உண்டு,
குளிரூட்டி உண்டு, இரவுக் காவலர் உண்டு.
அறுக்கிறவளுக்கு?"
மூன்று நிமிடம் முடிந்ததென்று மணி அடித்தது.

ஆறு மாதம் ஆய்வு செய்யத் தீர்மானம்.
அதில் முக்கால்வாசி கோடை.
கண்ணாடியை இறக்கினால் ஆள் வரலாம்.
ஏற்றினால் காற்று வராது.
இதைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை.

மறுநாள், யாரும் வருமுன்,
அவள் பதிவைத் திறந்து
கட்டத்தில் எங்கள் கட்டட எண்ணையே அடித்தேன்.
எங்கள் தெரு. எங்கள் அஞ்சல் எண்.
பச்சை ஒளிர்ந்தது.
அவ்வளவுதானா!
பதினொரு வருடம் இந்த நாற்காலியில்.
இதுவரை எத்தனை மஞ்சள் ஒட்டுத்தாள்?

காசோலை மேல்மாடியில் அச்சாகி,
ஊர்க்கோடித் தபால் கிடங்குவரை போய்,
நான்காம் நாள் என் மேசைக்கே வந்தது.
கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு உறை,
அதே மாடியிலிருந்து, அதே சுற்றுவழியில்:
அன்புள்ள மாணவிக்கு,
தாங்கள் உண்மையில் எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்குப்
பத்து நாளில் சான்று தேவை.

சாயங்காலம் கவுன்டரை மூடிவிட்டு
சி நிறுத்தத்துக்கு நடந்தேன்.
எரியாத விளக்குவரை
இருநூற்றுப் பதினேழு எட்டு.
திரும்பும்போதும் எண்ணினேன்,
கூடாமல் குறையாமல் அதே கணக்கு.
எண்ணை எழுதி, தேதியிட்டு,
என் முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டு
மேல்மாடிக்கு எடுத்துப் போகிறேன்.
தபாலில் அல்ல.